மூடிக்கொண்ட கதவு

காலை ஏழு மணிக்கு தேவாலயத்தின் அங்கி அறையைத் திறந்தபோது பிணம் தெரிந்தது. குப்புறச் சாய்ந்த அலமாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஐந்து நாளுக்கு முன், புயலன்று காணாமல் போன மணிக்காரர்தான். கோயில் மணியடிப்பவரை ஊர் அப்படித்தான் கூப்பிடும்.

சேதி வந்ததும் ஏட்டம்மா கிளம்பினார். தண்ணீரில் ஊறி உப்பிய போலீஸ் ஸ்டேஷன் கதவு நிலையில் பொருந்தவே மாட்டேன் என்றது. அதைக் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டிவிட்டு நடந்தார். வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. சாயங்காலம் இன்னொரு புயலாம்.

கூரை வேலைக்கு வந்தவர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். யாரும் அழவில்லை. புயலன்று மணிச் சத்தம் கேட்டுத்தான் ஜனம் தேவாலயத்துக்கு ஓடியது. ஊரில் மாடி உள்ள கட்டடம் அது ஒன்றுதான். பெரிய கதவு பூட்டியிருந்தது. தட்டித் தட்டியே நாலு பேர் படியில் செத்தார்கள். மணியை அடித்துக் கூப்பிட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்ட பாவி என்று ஊர் முடிவு கட்டியிருந்தது.

அலமாரியைத் தூக்கினார்கள். பிணத்தின் சட்டைப்பையில் ஒரு சாவி இருந்தது.

"யார் திறந்தது?" என்று கேட்டார் ஏட்டம்மா.

"நான்தான்" என்றார் மரக்கடைக்காரர். நிவாரணக் குழுத் தலைவர். ஐந்து நாளாக ஊருக்கே சோறு போடுகிறவர். "போதகர் ஊர்ல இல்ல. அவரோட சாவி என்கிட்ட இருக்கு. பெரிய கதவுக்கும் இந்த அறைக்கும் ஒரே சாவிதான். புயலுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் இந்த அறையைத் திறக்கறேன்."

"அதுவரைக்கும்?"

"யாரும் வரல. உள்ள போய்ப் பூட்டிக்கிட்டான், தண்ணியில அலமாரி மேல சாஞ்சிடுச்சு. தன் வினை தன்னைச் சுடும்னு சும்மாவா சொன்னாங்க? மழைக்கு முன்னாடி புதைச்சிடலாம். ஆனா கல்லறைத் தோட்டத்துல வேண்டாம். ஜனம் ஒத்துக்காது."

மணிக்காரரின் மகள் சுவரோரமாக நின்றிருந்தாள். சோற்று வரிசையில்கூட அவளை முழங்கையால் இடித்துத் தள்ளியிருந்தார்கள். "அப்பா பூட்டல, ஏட்டம்மா. அன்னைக்குச் சாயங்காலமே சாவியை யாருக்கோ குடுத்துட்டுத்தான் சாப்பிட வந்தாரு. யாருக்குன்னு நான் கேக்கல. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

போன மாதம் மணிக்காரரோடு கட்டிப் புரண்ட தச்சரும் அங்கே இருந்தார். கேட்பதற்கு முன்பே பதில் வந்தது. "ரெண்டு அறை விட்டிருப்பேன், கொல்ல மாட்டேன். இழைப்புளி, உளி எல்லாத்தையும் வெள்ளம் கொண்டு போச்சு. இரவல் சுத்தியல்தான் பொழப்பு."

ஏட்டம்மா அலமாரியின் கதவில் விரலை ஓட்டினார். இடுப்பு உயரத்தில் குறுக்காக ஒரு வண்டல் கோடு. சுவரிலும் அதே உயரத்தில் அதே கோடு. பிறகு அறைக் கதவைச் சாத்தினார். சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. திறந்தார். மறுபடி சாத்தினார். கதவின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"தச்சரே, உங்க வீட்டுக் கதவு மூடுதா?"

"எங்க? கோணிதான் தொங்குது."

"உன் வீட்டுல?"

"கயித்தால கட்டியிருக்கேன்" என்றாள் மகள்.

"இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார் மரக்கடைக்காரர்.

"சொல்றேன், அண்ணாச்சி. அலமாரி தண்ணியில சாஞ்சிருந்தா வண்டல் கோடு இப்படிக் குறுக்கால இருக்காது. தண்ணி நின்னப்ப அலமாரியும் நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு. தரையில பட்ட பக்கம் தவிர செத்தவர் சட்டையில ஒரு பொட்டு சேறில்ல. தண்ணி வடியற வரைக்கும் உயிரோட இருந்திருக்கார்."

ஏட்டம்மா கதவைப் பாதி திறந்து ஓரத்தைக் காட்டினார்.

"ஊர்ல ஒரு கதவும் மூடல. இது மட்டும் மூடுது. ஓரத்தைப் பாருங்க. சீவின இடத்துல வண்டல் போய் வெள்ளை மரம் தெரியுது. வடிஞ்சதுக்கு அப்புறம் யாரோ வந்திருக்காங்க. வேலையை முடிச்சிட்டுப் பார்த்தா கதவு மூடல. சீவி, வெளியிலிருந்து பூட்டிட்டுப் போயிருக்காங்க. கதவைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் ஓரத்தைச் சீவ முடியும். சாவி ரெண்டு. ஒண்ணு பிணத்துக்கிட்ட. இன்னொண்ணு யார்கிட்ட?"

எல்லாத் தலைகளும் திரும்பின. மரக்கடைக்காரர் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"நனையக் கூடாதுன்னு என் பலகையை உள்ள அடுக்கியிருந்தேன். ஜனம் ஏறி மிதிச்சிடுமேன்னு அவன் சாவியையும் வாங்கி வச்சுக்கிட்டு, பூட்டிட்டு வீட்டுக்குப் போனேன். அவன் மேல மணியடிச்சுக்கிட்டு இருந்தான்னு தெரியும். இவ்வளவு தண்ணி வரும்னு யாரு கண்டா? வடிஞ்ச அன்னைக்கு முதல் ஆளா வந்து திறந்தேன். மணிக்கூண்டுலேருந்து இந்த அறை வழியா இறங்கி வர்றான், உயிரோட. ஒண்ணுதான் கேட்டான். 'தட்டுற சத்தம் நிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டிருந்தேன். ஜனங்ககிட்ட என்ன சொல்லட்டும்?' அலமாரியை அவன் மேல தள்ளிட்டு, அவன் சாவியை அவன் பையிலேயே போட்டேன். "

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளை இடித்துத் தள்ளியவர்களால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காற்று எழுந்தது. பிணத்தைத் தூக்கப் பாடை இல்லை. தச்சர் போய்ப் பெரிய கதவைக் கீலோடு பெயர்த்துக் கொண்டுவந்தார். மணிக்காரரை அதில் கிடத்தினார்கள். படியில் மனைவியைப் பறிகொடுத்தவர் வந்து முன்பக்கம் தோள் கொடுத்தார். கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளி முடிப்பதற்குள் முதல் தூறல் விழுந்தது.

மகள் நேராக மணிக்கூண்டில் ஏறிக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஊர் ஒரு கணம் நடுங்கியது. பிறகு பிள்ளை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடி வந்தது.

வாசலில் கதவு இல்லை.