ஒன்பதாம் பெட்டில் ஓர் இனிஷியல்

"வீ…ல்!"

நர்ஸ் அனிட்டாவின் அலறலில், தஞ்சாவூரின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

ஒன்பதாம் நம்பர் பெட்.

தலை வரை இழுத்து மூடிய போர்வை. அதன் மேல், நெஞ்சில், பிடிவரை இறங்கிய கத்தி!

ஆனால்…

ஒரு சொட்டு ரத்தம் இல்லை!

போன் செய்த பத்தாவது நிமிடம் இன்ஸ்பெக்டர் புகழேந்தி வந்தார். பின்னாலேயே சப்-இன்ஸ்பெக்டர் செம்மொழி. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆன பெண்.

"போச்சு!" தொப்பியைக் கழற்றினார் புகழேந்தி. "ஆரோக்கியம் போயிட்டான். இருந்தது ஒரே சாட்சி!"

கொள்ளிடத்தில் திருட்டு மணல் ஏற்றிய லாரி, மறித்த தலையாரியை அடித்துக் கொன்றிருந்தது. அவரை இழுத்துக் காப்பாற்றப் பாய்ந்த பால்காரர் ஆரோக்கியத்துக்குக் கால் முறிந்தது. லாரி ஓட்டியவனின் முகத்தைப் பார்த்தவர் அவர் மட்டும்தான். நாளைக் காலை மாஜிஸ்திரேட் இங்கே வந்து வாக்குமூலம் வாங்குவதாக ஏற்பாடு.

செம்மொழி குனிந்தாள். "ரத்தமே வரலையே சார்?"

"செத்தவருக்கு எப்படிங்க மேடம் ரத்தம் வரும்?" அனிட்டா கேட்டாள். "இவர் மத்தியானம் மூணு மணிக்கே மாரடைப்புல போயிட்டார். கத்தார்ல இருக்கிற மகனுக்குச் சொல்லிட்டு வந்து பார்த்தா… இந்தக் கொடுமை!"

"செத்த ஆளையா குத்தினான்?"

"தூங்குறார்னு நினைச்சிருப்பான். பக்கத்து பெட் மீரா உசேன் பாய் நெஞ்சுவலிக்காரர். பொணம்னு தெரிஞ்சா பயந்துடுவார்னு நான் முகத்தை மூடலை. தலையை வாரிவிட்டு, கையில ஜெபமாலையை வெச்சுட்டுப் போனேன். குத்தினவன்தான் மூடியிருக்கான்."

"அப்ப ஆரோக்கியம் செத்தது மாரடைப்புலயா?" என்றார் புகழேந்தி.

"ஐயோ, இது ஆரோக்கியம் இல்லைங்க சார்! ரெமிஜியஸ் தாத்தா. ஆரோக்கியம் அண்ணன் அதோ, பன்னிரண்டுல கஞ்சி குடிச்சுக்கிட்டிருக்கார்!"

பன்னிரண்டாம் பெட்டிலிருந்து டம்ளரைத் தூக்கி வணக்கம் வைத்தார் பால்காரர்.

புகழேந்தியின் முகம் மலரவில்லை. கறுத்தது!

"அதெப்படி? லிஸ்ட்ல ஒன்பதுன்னுதானே இருக்கு?"

"எந்த லிஸ்ட் சார்?" என்றாள் செம்மொழி.

அனிட்டா தன் மேஜைக் கம்ப்யூட்டரைத் திருப்பினாள். நோயாளிகள் விவரமெல்லாம் சென்னையில் இருக்கும் சர்வரில். அங்கிருந்து வந்து, திரையில் கட்டம் கட்டமாக நிற்கும்.

9 – ஆரோக்கியம்.

12 – சகாயராஜ்.

"வெள்ளைக்காரன் பழக்கத்துல எழுதின புரோகிராம் மேடம். நம்ம இனிஷியல்ல இருக்கிற அப்பா பேரை, குடும்பப் பேருன்னு நினைச்சு முன்னால போட்டுடும். கட்டமோ சின்னது. அப்பா பேரு வந்ததுமே இடம் தீர்ந்துடும். இவர் ஆரோக்கியம் மகன் ரெமிஜியஸ். அவர் சகாயராஜ் மகன் ஆரோக்கியம்."

"யாரும் திருத்தச் சொல்லலையா?"

"சொன்னோம். செய்யறோம்னாங்க. நாங்க யாரும் திரையைப் பார்த்தா கஞ்சி ஊத்துறோம்? முகத்தைப் பார்த்துத்தான் ஊத்துறோம்."

செம்மொழி மெல்ல நிமிர்ந்தாள்.

"அப்ப… திரையை மட்டுமே பார்த்த யாரோதான் பெட் நம்பர் சொல்லி ஆள் அனுப்பியிருக்கணும். இந்த லிஸ்ட் வேற எங்க தெரியும் சிஸ்டர்?"

"இந்த மேஜையில. அப்புறம்…" அனிட்டா புகழேந்தியைப் பார்த்தாள். "சாட்சிக்குப் பாதுகாப்புன்னு சார் கேட்டு வாங்கினாரே… ஸ்டேஷன்ல, அவர் ரூம்ல."

செம்மொழி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"என்னம்மா உளர்றே!" புகழேந்தி கத்தினார்.

"உளறலைங்க சார். இது கட்டிலுக்கு அடியில கிடந்தது. குத்திட்டு ஓடினவனோடதா இருக்கும்."

கறுப்பு செல்போன்!

புகழேந்தி கை நீட்டுவதற்குள் செம்மொழி வாங்கிவிட்டாள். கடைசியாகப் பேசிய நம்பரை அழுத்தினாள்.

கிணிங்… கிணிங்… கிணிங்!

சத்தம் வந்தது இன்ஸ்பெக்டரின் பேன்ட் பாக்கெட்டிலிருந்து!

"சாருக்கு ரெண்டு செல்லா? ஸ்டேஷன்ல யாருக்கும் தெரியாதே!"

புகழேந்தியின் கை இடுப்புக்குப் போனது. செம்மொழியின் துப்பாக்கி முந்திக்கொண்டது.

"வேணாம் சார். டி.எஸ்.பி. வர்ற வரைக்கும் அப்படியே உட்காருங்க."

அவர் துப்பாக்கி அவள் கைக்கு மாறியது. ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார்.

பன்னிரண்டாம் பெட்டில் ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டார். "தாத்தா… எனக்கு வந்ததை நீங்க வாங்கிக்கிட்டீங்களே!"

அனிட்டா ஒன்பதாம் பெட்டின் போர்வையை முகத்திலிருந்து விலக்கினாள். கலைந்திருந்த நரைமுடியை மறுபடி வாரிவிட்டாள். செத்தவரைத் தூங்குபவராகக் காட்டி, ஓர் உயிர் காத்த சீப்பு அது!

"செம்மொழி…" புகழேந்தி முனகினார். "எங்க அப்பா வாத்தியாரும்மா. ஊர்ல நல்ல பேரு. மணல்காரங்ககிட்ட நான் காசு வாங்கினது தெரிஞ்சா தாங்க மாட்டார்…"

செம்மொழி விலங்கைப் பூட்டினாள்.

"கவலைப்படாதீங்க சார். ரிமாண்ட் ரிப்போர்ட்ல இனிஷியல் போடாம எழுதறேன். உங்க அப்பா பேராவது கெடாம இருக்கட்டும்!"