பதினொரு படிகளும் புல் வெட்டும் மெஷினும்

பாம்பு வரவில்லை. அதன் சட்டை மட்டும்தான் விளையாட்டுக் களத்தில் கிடந்தது. பெண்கள் பள்ளிக்கூடம் முழுவதும் அலறித் தீர்க்க அதுவே போதுமாக இருந்தது.

தலைமையாசிரியை சரசம்மா டீச்சர் மட்டும் அலறவில்லை. களத்துக்கு இறங்கும் வாசல் கதவைச் சாத்திப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“புல்லு முழங்கால் அளவு வளர்ந்து கிடக்கு. அதை வெட்டி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் கீழே போகக் கூடாது” என்றார்.

மகாராஜா காலத்துத் திருவனந்தபுரம் அது. இன்று போலவே அன்றும் ஊர் முழுக்க மேடும் பள்ளமும்தான். பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. களம் பள்ளத்தில் இருந்தது. நடுவில் வெட்டுக்கல்லால் கட்டிய பதினொரு படிகள்.

களம் பூட்டிய நாளிலிருந்து இடைவேளையில் எல்லோரும் வராந்தாவில் உட்கார்ந்து கைக்குட்டையில் பூத்தையல் போட வேண்டியதாயிற்று. ஆறாம் வகுப்பு சரோஜம் ஒரு ரோஜாப்பூ தைத்தாள். அவள் தோழி சூடாமணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது தவளையா?” என்று கேட்டாள். கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

சரோஜத்துக்கு ஊசி பிடிக்க வராது. ஓட வரும். கிளித்தட்டு ஆட்டத்தில் அவள்தான் தலைவி. தரையில் கோடு போட்டு, கோட்டைக் காக்கிற ‘கிளி’யின் கையில் படாமல் மறுபக்கம் போய்த் திரும்ப வேண்டும். அதில் அவளைத் தொட்டவர்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டே பேர். களம் இல்லாமல் அவளுக்குப் பள்ளிக்கூடமே பிடிக்கவில்லை.

தோட்டக்காரர் தங்கப்பன் சும்மா இருக்கவில்லை. ஆனால் அது ஐப்பசி மாதம். தினமும் மூன்று மணிக்கு இடி இடித்து மழை கொட்டியது. அவர் அரிவாளோடு கிழக்கு மூலையில் தொடங்கி மேற்கு மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் கிழக்கு மூலையில் புல் மறுபடியும் வளர்ந்து நின்றது.

ஒரு நாள் சரோஜம் வருகைப் பதிவேட்டை வைக்க ஆபீஸ் அறைக்குப் போனாள். அங்கே பள்ளிக் கமிட்டியைச் சேர்ந்த வெங்கடசுப்ரமணியன் உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாசில்தார். ஓய்வு பெற்றது அவருக்கு மட்டும் இன்னும் தெரியாது. மேஜை மேல் புல் வெட்டும் மெஷின்களின் படப் புத்தகம் திறந்திருந்தது.

“இதுதான் மெஷின்!” என்று ஒரு படத்தில் விரலை ஊன்றினார். பெரிய மெஷின் ஒன்றைக் குதிரை இழுத்துக்கொண்டு போனது. குளம்பு பட்டுப் புல்தரை கெடாமல் இருக்க, குதிரையின் நாலு காலிலும் தோல் செருப்பு மாட்டியிருந்தது.

“குதிரைக்கு எங்கே சார் போவது?” என்றார் சரசம்மா டீச்சர்.

“குதிரை என்னத்துக்கு? மாடு போறாதோ? நாலு செருப்பு தைக்கச் சொல்லி மாட்டிவிட்டா…” என்றவர் பாதியில் நிறுத்தினார். “மாட்டுத் தோலைத் தைச்சு மாட்டுக்கே மாட்டறதா? சரியா வராது.” அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினார்.

சரோஜம் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

“என்ன குழந்தே, நோக்கு இங்கே என்ன காரியம்?”

“ஒண்ணுமில்லே சார்.” திரும்பப் போனவள் நின்றாள். “சார், அந்த மெஷினைத் தள்ளப்போறது யாரு?”

“தங்கப்பன்தான்.”

“அப்போ தங்கப்பன் மாமாகிட்ட கேட்டீங்களா சார்?”

அவர் சிரித்தார். “வாங்கறது கமிட்டி. தள்றதுதான் தங்கப்பன். அவன்ட்ட என்னத்தைக் கேக்கறது?” அடுத்த பக்கத்தில் இருந்த படத்தைத் தட்டினார். பின்னால் கனத்த இரும்பு உருளை, முன்னால் புல் விழ ஒரு பெட்டி. “இது பழவங்காடியில நம்ம குற்றாலலிங்கம் கடையிலேயே இருக்காம். சனிக்கிழமை கொண்டுவந்து ஓட்டிக் காட்டறேன்னிருக்கான். இதுக்கும் அடங்கலைன்னா, களத்துல மரச்சீனி நட்டுடலாம். போர்டிங் குழந்தைகளுக்குக் கிழங்காவது கிடைக்கும்.”

சரசம்மா டீச்சர் மறுக்கவில்லை. போர்டிங்கில் நாற்பது பிள்ளைகள் சாப்பிட வேண்டும். அது அவர் கவலை.

மரவள்ளியை அங்கே மரச்சீனி என்பார்கள். அதை நட்டுவிட்டால் களம் போனது போனதுதான். சரோஜம் நேரே தங்கப்பனிடம் ஓடினாள்.

“பெரிய மெஷினா?” தங்கப்பன் தோளைத் தடவிக்கொண்டார். போன வருஷம் பலாமரத்திலிருந்து விழுந்து அடிபட்ட தோள் அது. “அந்த மாதிரி ஒண்ணு ஒரு துரை வீட்டுத் தோட்டத்துல பாத்தேன் பிள்ளே. ரெண்டு ஆளு வேணும். எனக்க தோளுக்கு அது கழியாது.”

“இதை நீங்க அவங்ககிட்ட சொல்லல்லியா?”

“எனக்கிட்ட யாரு கேட்டா?”

சரோஜம் அன்றே தலைமையாசிரியையின் முன்னால் போய் நின்றாள். “டீச்சர், சனிக்கிழமைக்கு முன்னால களத்தை ஒருக்கா பாக்கணும். தங்கப்பன் மாமா கம்பால தட்டிக்கிட்டே முன்னால போவாரு. நான் அவருக்குப் பின்னால போவேன். பாம்பு இருந்தா அவருக்குத்தான் முதல்ல தெரியும்.”

சரசம்மா டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். “அரை மணி நேரம்.”

சரோஜம் கணக்கு நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டாள். தங்கப்பன் தட்டிக்கொண்டே நடந்தார். அவள் எண்ணிக்கொண்டே நடந்தாள். தரைக்கு மேலே தலை நீட்டிய கற்கள் பதினான்கு. பலாமரத்தின் வேர்கள் ஆறு. மேற்குப் பக்கம் சரிவு. மழைத் தண்ணீர் தேங்கும் இடம் இரண்டு. மேலே ஏறும்போது படிகளையும் எண்ணி எழுதினாள். மெஷின் மழையில் நனையக் கூடாது, அதை வைக்கும் கொட்டகை மேலேதான் இருக்கிறது என்று தங்கப்பன் சொன்னார். அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் பதினொரு படி தூக்கி இறக்க வேண்டும், பதினொரு படி தூக்கி ஏற்ற வேண்டும்.

சனிக்கிழமை குற்றாலலிங்கம் மாட்டுவண்டியில் மெஷினோடு வந்தார். நாலு ஆள் சேர்ந்து இறக்கினார்கள். பச்சை வர்ணம் பளபளத்தது.

“சீமைச் சாமான் பாத்துக்கிடுங்க!” என்றார் அவர். ஆபீசுக்கு முன்னால் ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே கொஞ்சம் புல்தரை உண்டு. பாய் விரித்ததுபோல் சமமான தரை. ஒரு ஆள் இழுக்க, ஒரு ஆள் தள்ள, மெஷின் அதில் ஜம்மென்று ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். வெங்கடசுப்ரமணியன் பேனாவைத் திறந்தார்.

“சார், களத்துல ஓட்டிப் பாக்கணும்” என்றாள் சரோஜம்.

“புல் எங்கே இருந்தாலும் புல்தானே?”

“புல்லு ஒண்ணுதான் சார். தரை வேற.” தாளை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. சரசம்மா டீச்சர் வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

“களத்திலேயே பார்ப்போம்” என்றார்.

மூன்றாவது படியில் நாலு ஆளும் பெருமூச்சு விட்டார்கள். ஆறாவது படியில் மெஷின் தானாகவே இறங்கப் பார்த்தது. குற்றாலலிங்கம் “பிடிங்கல! பிடிங்கல!” என்று கத்தினார். ஒரு வழியாகக் கீழே வந்தால், ஈர மண்ணில் உருளை அழுந்தியது. நீண்ட புல் வெட்டுப்படாமல் குனிந்து கொடுத்தது. பத்தடி போவதற்குள் ஒரு கல் இடித்தது. மெஷின் நின்றுவிட்டது.

சரோஜம் தலை நிமிர்ந்தாள். பார்த்தீர்களா என்று கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் வெங்கடசுப்ரமணியன் முந்திக்கொண்டார்.

“பாத்தேளா டீச்சர்? இந்தக் களத்துக்கு மெஷினே ஒத்துவராது. மரச்சீனிதான்!”

சரோஜத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பாடுபட்டு அவளே களத்தைத் தொலைத்துவிட்டாளா? அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஒரு மெஷின் ஒத்துவரல்லேன்னா எல்லா மெஷினும் ஒத்துவராதா சார்? நாங்க கிளித்தட்டுல ஒருத்தி அவுட்டானா ஆட்டத்தை நிறுத்த மாட்டோம்.”

குற்றாலலிங்கத்திடம் திரும்பினாள். “உங்க கடையில சின்ன மெஷின் இருக்கா? ஒரு ஆள் தூக்குறது?”

அவர் தலையைச் சொறிந்தார். “ஒண்ணு கிடக்கு. உருளை கிடையாது. ரெண்டு பக்கமும் சக்கரம்தான். மூணு வருசமா மூலையில கிடக்கு. வாறவங்க எல்லாரும் பெருசைத்தான் பாக்காங்க.”

“அது இந்தப் புல்லை வெட்டுமா?”

“எந்த மெஷினும் இவ்வளவு உசரப் புல்லை வெட்டாதும்மா. முதல்ல அரிவாளால அடியோட வெட்டிரணும். பொறவு வாரம் ஒருக்கா மெஷின் ஓட்டணும்.”

“அடுத்த சனிக்கிழமை அதைக் கொண்டு வருவீங்களா? டீச்சர், ஒரு வாரம் டைம் வேணும்.”

சரசம்மா டீச்சர் அவளையே பார்த்தார். “ஒரு வாரம்தான்.”

ஒரு வாரத்தில் தங்கப்பன் மட்டும் எப்படி வெட்டி முடிப்பார்? சரோஜம் வராந்தாவில் உட்கார்ந்து ரோஜாத் தவளைக்கு நூல் கோத்தபடி யோசித்தாள்.

“உங்க தெருவுல யாருக்காவது புல்லு வேணுமா?” என்று சூடாமணியிடம் கேட்டாள்.

“வெங்கடசுப்ரமணியன் மாமாவாத்துல ரெண்டு பசு இருக்கு. புல்லு கிடைக்கலைன்னு மாமா தினம் புலம்பறார்.”

சரோஜம் ஊசியைக் கீழே வைத்தாள்.

மறுநாள் அவர் பள்ளிக்கு வந்தபோது வழியில் நின்றாள். “சார், களத்துப் புல்லை உங்க பசுவுக்கு எடுத்துக்கிடலாம். டீச்சர் சரின்னுட்டாங்க. ஆளுங்களை அனுப்பினாப் போதும்.”

“பேஷ்!” என்றார் அவர். “பசுவுக்குப் புல்லாச்சு. மரச்சீனிக்கு நிலமும் தயாராச்சு. இப்பத்தான் நீ புத்தியாப் பேசறே குழந்தே!”

சரோஜம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் தங்கப்பனும் காலையில் இறங்கி, மழை வருவதற்குள் கட்டுக்கட்டாக வெட்டிப் போட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் களம் மொட்டையடித்துக்கொண்டது. பாம்பு இல்லை. இரண்டு பந்தும் சூடாமணி போன வருஷம் தொலைத்த பென்சில் பெட்டியும் கிடைத்தன. அன்று மதியம் சரோஜமும் தோழிகளும் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு சட்டியில் சுண்ணாம்பு கரைத்துப் பதினான்கு கற்களின் தலையிலும் வெள்ளை பூசினார்கள். மழை நின்ற பிறகு ஒரு தடவையும், காலையில் இன்னொரு தடவையும் பூச வேண்டியிருந்தது. பூசப் பூச மழை கழுவிக்கொண்டு போனது.

சனிக்கிழமை சின்ன மெஷின் வந்தது. வர்ணம் உரிந்திருந்தது. வெங்கடசுப்ரமணியன் அதைப் பார்த்து, “இதென்ன, குழந்தைகள் விளையாட்டுச் சாமானா?” என்றார்.

தங்கப்பன் நல்ல தோளில் அதைத் தூக்கி வைத்துக்கொண்டார். பதினொரு படியும் ஒற்றை ஆளாக இறங்கினார். களத்தில் வைத்துத் தள்ளினார். கிர்ர்ர் என்றது. நறுக்கிய புல் பின்னால் தெறித்தது. வெள்ளைக் கல் வந்தபோது ஒடித்துத் திருப்பினார். வேர் வந்தபோது லேசாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். சரிவிலும் அது அவர் சொல் கேட்டு இறங்கியது. மணி பத்து அடிப்பதற்குள் பாதிக் களம் முடிந்துவிட்டது.

வெங்கடசுப்ரமணியன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “ஆனாலும் சின்னதாச்சே டீச்சர்…”

சரசம்மா டீச்சர் தங்கப்பனைப் பார்த்துக் கேட்டார். “நீங்க சொல்லுங்க தங்கப்பன். இந்தக் களத்துக்கு எது வேணும்?”

தங்கப்பன் திகைத்துப் போனார். பன்னிரண்டு வருஷ வேலையில் இப்படி ஒரு கேள்வி அவரிடம் யாரும் கேட்டதில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க அதிகம் வியர்வை இல்லை. ஆனாலும் வெகுநேரம் துடைத்தார்.

“இது போதும் டீச்சரம்மா” என்றார். “இது எனக்க கைக்குக் கேக்கும். வாரம் ஒருக்கா ஓட்டினா பிள்ளைகளுக்குக் களம் எப்பவும் களமா இருக்கும்.”

“அப்போ இதுதான்” என்றார் டீச்சர்.

பிள்ளைகள் போட்ட கூச்சலில், பாம்பு எங்கேயாவது இருந்திருந்தால் நெய்யாற்றங்கரைக்கே ஓடிப்போயிருக்கும். சரோஜம் தங்கப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

“மரச்சீனி?” என்றார் வெங்கடசுப்ரமணியன் மெதுவாக.

“சமையல்கட்டுக்குப் பின்னால குப்பை கொட்டுற இடம் சும்மாதான் சார் கிடக்கு” என்றாள் சரோஜம். “அதையும் அளந்து வச்சிருக்கேன்.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். “என் ஆளை வெச்சே களத்தை வெட்ட வெச்சுட்டே, இல்லே?” கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “கெட்டிக்காரி! தள்ளு தங்கப்பா, நானும் ஒரு கை பாக்கறேன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷினைத் தள்ளினார். இங்கிருந்து அங்கே போனார். அங்கிருந்து இங்கே வந்தார். கைப்பிடியை விட அவருக்கு மனசே வரவில்லை.

மூன்று மணிக்கு மழை வந்துவிடும். சரோஜம் அதுவரை பொறுக்கவில்லை. சுண்ணாம்புச் சட்டியை எடுத்துவந்து, அவர் நிற்கும்போதே அவரைச் சுற்றிக் கிளித்தட்டுக் கோடுகளைப் போட்டு முடித்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். முதல் கோட்டின் நட்ட நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

“சார்தான் கிளி!” என்று கத்திக்கொண்டு சரோஜம் களத்தில் பாய்ந்தாள்.