மயில்சாமியின் இரண்டாம் பக்கம்

பாண்டிச்செல்வி பேத்துப்பாறையிலிருந்து வெள்ளனே வந்து, கொடைக்கானல் இன்சூரன்ஸ் கிளையில் காத்திருந்தாள். விசாரணை அதிகாரி ராஜகுமாரி வந்து உட்கார்ந்ததும் ஒரு கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"எம் புருசனப் பொய்யன்னு எழுதியிருக்குங்க. பணம் வராட்டிப் போகுது, செத்த மனுசனுக்கு இந்தப் பேரு வேணாம்."

பக்கத்தில் நின்ற செல்வினுக்கு உள்ளூரக் குஷி. இந்தக் கிளைக்கு வரும் காகிதங்களையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுபவன் அவன். மதுரையிலிருந்து வந்த மேடத்துக்கு உதவியாக இருக்கும்படி மேனேஜர் சொன்னதிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை. துப்பறிவதென்றால் அவனுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி.

விஷயம் இதுதான். பூண்டு விவசாயி மயில்சாமி இரண்டு வருடங்களுக்கு முன் பாலிசி எடுத்தார்; நுரையீரல் கோளாறில் இறந்தார். அவருக்கு முன்பு டி.பி. இருந்ததாக ஆஸ்பத்திரிச் சீட்டு சொன்னது. விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்திலோ டி.பி.க்கு நேராக 'இல்லை' என்று டிக். மறைத்துவிட்டார் என்று கம்பெனி கைவிரித்துவிட்டது.

"நான் பக்கத்துலயே இருந்தேங்க. குணமாயிருச்சுன்னாலும் சொல்லிப்புடணும்னு சொன்னாரு," என்றாள் அவள்.

"அசல் காகிதம் எங்கே?"

"ஸ்கேன் ஆனதும் கூழாக்க அனுப்பிட்டோம் மேடம். இப்போ எல்லாமே எலெக்ட்ரானிக்," என்றான் செல்வின் பெருமையாக. பிறகு அவர் காதருகே குனிந்தான். "ஏஜென்ட் முத்துராஜ்தான். பாலிசி கிடைச்சுக் கமிஷன் வரணும்னு அவரே 'இல்லை'யில் டிக் போட்டிருப்பார்."

ராஜகுமாரி அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மூலையில் அலுவலக உதவியாளர் சூசையம்மாள் ஊசிநூல் கோத்து, புது விண்ணப்பம் ஒன்றின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"பின் அடிக்க மாட்டீங்களா?"

"இந்த மூடுபனியில பின்னு துருப்பிடிச்சுப் பேப்பரத் தின்னுருங்க. இந்த ஆபீஸ்ல என்னைக்குமே நூலுதான்."

ராஜகுமாரி திரையில் மயில்சாமியின் விண்ணப்பத்தைப் பெரிதாக்கினார். முதல் பக்கத்திலும் மூன்றாம் பக்கத்திலும் இடது ஓரத்தில் மூன்று சிறு புள்ளிகள். இரண்டாம் பக்கத்தில் புள்ளியே இல்லை. மூலையில் மட்டும் பழுப்பாக இரண்டு கறை.

"அது தூசி மேடம்," என்றான் செல்வின்.

"வேற ஊர்க் காகிதம் இங்கே ஸ்கேனுக்கு வருமா?"

"வத்தலக்குண்டு கிளையோடது போன மழைக்காலத்துல வந்துச்சு. நம்ம பழைய கட்டுகளோட சேர்த்துத்தான் ஸ்கேன் பண்ணினேன்."

"அதில் மயில்சாமின்னு யாராவது இருக்காங்களா, தேடுங்க."

இருந்தார். காய்கறி மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர், உயிரோடு இருப்பவர். அவருடைய முதல் பக்கத்தின் மூலையிலும் மூன்றாம் பக்கத்தின் மூலையிலும் அதே பழுப்புக் கறை. இரண்டாம் பக்கத்தில் மட்டும் மூன்று ஊசித்துளை. அதில் டி.பி.க்கு நேராக 'ஆம்'.

முத்துராஜை வரவழைத்து, எல்லார் முன்னாலும் ராஜகுமாரி நிதானமாகச் சொன்னார். "தைத்தது இந்த ஊர்க் காகிதம். பின் அடித்தது கீழே வத்தலக்குண்டுக் காகிதம். இங்கே வந்த பிறகு துருப்பிடிச்சிருக்கு. ரெண்டாம் பக்கத்தில் பேரும் கிடையாது, நம்பரும் கிடையாது, வெறும் டிக்தான். அது இடம் மாறிடுச்சு. முத்துராஜ் ஒழுங்காத்தான் எழுதியிருக்கார். ரெண்டு மயில்சாமியும் உண்மையைத்தான் சொல்லியிருக்காங்க."

முத்துராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். செல்வினின் முகம் வெளிறியது. மழையில் நமத்துப்போன கட்டுகளைப் பிரித்து ஹீட்டர் பக்கம் காயப்போட்டது யார்? பேரைப் பார்த்துப் பார்த்து அடுக்கியது யார்? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா!

"யார் மாத்தினாங்கன்னு அறிக்கையில் இன்னும் எழுதலை," என்றார் ராஜகுமாரி, அவனைப் பார்க்காமலே. "ஸ்கேன் செய்த ஆளோட பேரு ஃபைல்லயே இருக்கு. ஆனா அதை அந்த ஆள் வாயால கேட்டாத்தான் மரியாதை."

வேலை போய்விடலாம் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் பாண்டிச்செல்வியின் முன்னால் போய் நின்றான்.

"தப்பு என்னோடதுக்கா. காயவச்சு அடுக்கும்போது நான்தான் மாத்திட்டேன். உங்க வீட்டுக்காரர் எதையும் மறைக்கல."

அவள் அவனைத் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேஜைமேல் இருந்த வெள்ளைத்தாளை அவன் பக்கம் தள்ளினாள்.

"இப்பச் சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு தம்பி. அப்பன் ஏமாத்திட்டாருன்னு எம் மக திவசத்துக்கே வரமாட்டேன்னுட்டா. நாளைக்குத்தான் திவசம்."

செல்வின் பேனாவை எடுத்தான்.