காலியாக விட்ட கருவறை

பெயின்ட் ஈரம்கூடக் காயாத வீட்டில் வௌவால் நாற்றம் அடித்தது.

சசிரேகா வாசலிலேயே நின்றாள். உத்திரமேரூரிலிருந்து காவாந்தண்டலம் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே அவள் வடிவமைத்த பண்ணை வீடு அது. பழைய கோயில் போலவே வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டிருந்தார். சிங்கம் தாங்கும் தூண்கள், கல் நிறத்தில் சிமென்ட் பூச்சு, உள்ளே போகப் போகச் சிறுத்துவரும் நிலைவாசல்கள். கடைசியில் ஜன்னலே இல்லாத சதுர அறை. ஒரு பழைய கோயில் கருவறையின் அளவை அப்படியே எடுத்திருந்தாள். அதில் சாமி கிடையாது. சினிமா பார்க்கத் திரை மாட்டப்போகிறார்கள். நாளை கிரகப்பிரவேசம்.

"இன்னா மேடம், பாழடைஞ்ச கோயிலாட்டம் நாறுது?" என்றான் எலக்ட்ரீஷியன் வசந்த்குமார்.

"பெயின்ட் வாசனைதான். கடைசி ரூம்ல லைட் எரியல, அதை மட்டும் பாத்துடு."

"காலையில பாத்துக்கலாமே மேடம். வூட்ல மாசமா கீறா. பொழுதோட வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அஞ்சு நிமிஷம், வசந்த்."

அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனான். வெளியே சூரியன் வயல்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்க, சிங்கங்களின் நிழல்கள் தரையில் நீண்டு ஒன்றோடொன்று கலக்க, அவனுடைய ரப்பர் செருப்பின் சத்தம் ஒவ்வொரு நிலைவாசலையும் தாண்டித் தாண்டி மெல்லத் தேய்ந்துகொண்டே போவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

வரைபடம் போட்டவள் அவள். அந்த அறைக்குப் பின்னால் சுவர். சுவருக்குப் பின்னால் வயல். இவ்வளவு தூரம் நடக்க அங்கே இடமே கிடையாது.

"வசந்த்?"

பதில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "மேடம், இங்க இன்னொரு வாசப்படி கீது."

"அப்படி எதுவும் இல்ல. திரும்பி வா."

"அதுக்கு அப்பாலயும் ஒண்ணு கீது மேடம். சின்னது. தவுந்துதான் போவணும்."

"போகாத! வசந்த், போகாத!"

செருப்புச் சத்தம் நின்றது. கல்லில் முழங்கால் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அனுப்பியது அவள்தான். அந்த நினைப்பு அவளை உள்ளே தள்ளியது. இருட்டில் முதல் நிலைவாசலைப் பிடித்தாள். சிமென்ட் இல்லை. கருங்கல். சில்லிட்டிருந்தது. எத்தனையோ காலத்து எண்ணெய் விரலில் பிசுபிசுத்தது.

தூரத்தில் ஒரு வெளிச்சம். டார்ச் இல்லை. நெருப்பு.

சுடர் மெல்ல வட்டமடித்தது. ஏந்திய கை தெரியவில்லை.

வசந்த்குமார் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். இடுப்பு வரை கறுப்பாக இருந்தான். கல்.

இன்னொரு சுற்று. மார்பு வரை.

"மேடம்... எயுந்திரிக்க முடியல."

ஓடிப்போய் இழுக்க நினைத்தாள். கால் வரவில்லை. முழங்கால்கள் மடங்கின. அவளுடைய கைகள், அவளைக் கேட்காமலே, தலைக்கு மேல் உயர்ந்து குவிந்தன.

சுடர் மறுபடி எழுந்தது. அவன் உதடுகளும் கல்லாகிவிட்டன.

கண்கள் மட்டும் அவளைப் பார்த்து இமைத்துக்கொண்டிருந்தன.