ஒர்லீன் மரியாதையாகப் பேசிய ராத்திரி

"வாங்க சார்" என்றாள் ஒர்லீன்.

ரூடி வோய்சிக் திரும்பிப் பின்னால் பார்த்தான். வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தான். பின்னால் நின்ற ஆள் சட்டென்று குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டான்.

சிகாகோவில், வெஸ்டர்ன் அவென்யூ முனையில் இருக்கிற அந்த ஹாட் டாக் கடைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஜனம் வருவது ருசிக்காக இல்லை, திட்டு வாங்க. பார் மூடியதும் குடித்தவனும் குடிக்காதவனும் பனியில் வரிசை கட்டி நிற்பார்கள். ஒர்லீன் ஒவ்வொருவனுடைய மூஞ்சி, முடி, பிறந்த நேரம் எதையும் விடாமல் கிழித்துத் தொங்கவிடுவாள். திருப்பித் திட்டலாம், அதுதான் வேடிக்கையே. நேற்றுக்கூட ரூடியைப் பார்த்து, "ஏண்டா தடிமாடு, வாயில என்ன கொழுக்கட்டையா? வேணுங்கறதச் சொல்லித் தொலை!" என்றாள். "உன் மூஞ்சியப் பாத்ததுல பசியே செத்துப்போச்சு, கெழவி!" என்றான் இவன். கடையே சிரித்தது.

ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால், டாக்சி ஓட்டுகிற கெல்வினிடம் அவள், "ரொம்பக் களைப்பா இருக்கீங்களே சார், மெதுவா சாப்பிடுங்க" என்றாள். ஏதோ புது மாதிரிக் கிண்டல் என்று எல்லோரும் கைதட்டினார்கள். விடிவதற்குள் கெல்வின் தன் டாக்சிக்குள்ளேயே விறைத்துக் கிடந்தான். அதற்கு முன்னால் நர்ஸ் தெரசா. அவளிடமும் இதே கனிவு. மறுநாள் அவள் வீட்டு லிஃப்டிலிருந்து பிணமாக எடுத்தார்கள். இதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. ஆனால் வழக்கமாக வருகிறவர்கள் அதற்கப்புறம் ஒரு ராத்திரிகூடத் தவறவிடவில்லை. திட்டு விழுந்தால் நாளைக்கும் இருப்போம், அவ்வளவுதான் கணக்கு. பைத்தியக்காரத்தனம் என்று ரூடிக்கும் தெரியும். அவனும் வந்துகொண்டுதான் இருந்தான்.

"என்ன தரட்டும் உங்களுக்கு?" என்றாள் ஒர்லீன்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கடையின் சத்தங்களை ரூடி கேட்டதே இல்லை. எப்போதும் கூச்சலில் அமுங்கிப் போயிருக்கும். இப்போது அடுப்பின் இரும்புத் தட்டில் வதங்கும் வெங்காயம் சுருங்கிச் சுருங்கிச் சீறுவதும், கொதிநீரில் சாசேஜ்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு புரளுவதும், தலைக்கு மேல் டியூப்லைட் விடாமல் ரீங்கரிப்பதும், தன் மூச்சு மூக்கு நுனியில் அடைத்து அடைத்து வருவதும் தனித்தனியாகக் கேட்டன. வேக வைத்த கறியின் வாசனை ஈரத்துணி நாற்றத்தோடு கலந்து தொண்டையில் இறங்கியது. பின்னால் இருபது பேர் நின்றார்கள். ஒருவன்கூட இருமவில்லை.

"ஏய் கெழவி, கண்ணு அவிஞ்சு போச்சா? நான்தான் ரூடி!" என்று கத்திப் பார்த்தான்.

"தெரியுமே சார்." அவள் சிரித்தாள். அழகான சிரிப்பு.

அவனுக்கு ஒரு வழி தோன்றியது. அந்த ஊரில் வளர்ந்த மனுஷன் எவனும் ஹாட் டாக்கில் கெச்சப் கேட்க மாட்டான். தெரியாத்தனமாகக் கேட்ட வெளியூர்க்காரன் ஒருவன்மேல் ஒர்லீன் இடுக்கியை வீசியிருக்கிறாள்.

"கெச்சப் ஊத்து" என்றான் ரூடி. "நெறைய ஊத்து!"

அவள் உருளைக்கிழங்குக்கு வைத்திருந்த கெச்சப் பாட்டிலை எடுத்தாள். பாட்டில் வாயைத் துணியால் துடைத்தாள். நாக்கு நுனியை உதட்டோரம் நீட்டிக்கொண்டு, நிதானமாக, ஹாட் டாக்கின்மேல் ஒரு கோடு இழுத்தாள்.

"போதுமா சார்? இன்னும் கொஞ்சம்?"

வரிசையில் யாரோ, சவ ஊர்வலம் போவதுபோல, தொப்பியைக் கழற்றினார்கள்.

"திட்டு, ஒர்லீன்." அவன் குரல் உடைந்தது. "ஒரே வார்த்தை. பன்னின்னு சொல்லு. உன் கால்ல விழறேன்."

"உங்களப் போயி அப்படிச் சொல்வேனா?"

இடது தோளில் ஒரு பிடி. மார்புக்குள் ஏதோ முறுக்கியது. விரல்கள் மரத்தன. காற்று இல்லை.

கடைக்கு எதிரே காரில் டெனிஸ் இருந்தாள். அவன் மனைவி. யாரையும் ஒரு சுடுசொல் சொல்லத் தெரியாதவள். திட்டு வாங்கப் பயந்து ஒருநாளும் காரை விட்டு இறங்கியதில்லை.

"இது எனக்கில்ல" என்றான் ரூடி. "என் பெண்டாட்டிக்கு. கார்ல இருக்கா."

வாய்தவறி வந்துவிட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். தவறவில்லை.

ஒர்லீனின் பார்வை அவன் தோளைத் தாண்டிப் போயிற்று. காரில் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம் நீ எதுக்குடா இங்க மரமாட்டம் நிக்கற, எருமமாடு! கெச்சப்பாம் கெச்சப்பு! தள்ளி நில்றா, நாத்தம் புடிச்சவனே!"

கடை வெடித்துச் சிரித்தது. காற்று வந்தது. தோள் விட்டது. ரூடிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஐயோ, என்ன இனிப்பு அந்த வார்த்தைகள்! இன்னும் திட்டு, இன்னும் திட்டு என்றிருந்தது.

அப்போது ஒர்லீன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

பன்னிரண்டு வருஷத்தில் அவள் வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. கோட் போடவில்லை. ஏப்ரனோடு பனியில் இறங்கினாள். ஹாட் டாக்கை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள். வரிசை விலகியது. அவள் நடந்த பனியில் கால்தடம் விழவில்லை.

"டெனிஸ், வண்டிய எடு!" அவ்வளவு கத்தினால் போதும்.

கத்தினால் ஒர்லீன் இவன் பக்கம் திரும்புவாள்.

ரூடி வாயைப் பொத்திக்கொண்டான். இரண்டு கையாலும்.

"டேய் பேடி, வழிய விடுறா!" என்று பின்னாலிருந்தவன் அவன் முதுகில் குத்தினான். ரூடி நகர்ந்து வழிவிட்டான்.

கார் கண்ணாடி இறங்கியது. "அட, நீங்களே கொண்டு வந்தீங்களா? இங்க எல்லாரையும் திட்டுவாங்கன்னு சொன்னாரே!" டெனிஸின் குரல் பனியைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது.

"உங்களப் போயித் திட்டுவாங்களாம்மா?"

ஒர்லீன் ஜன்னலுக்குள் கையை நீட்டினாள். டெனிஸின் கழுத்தடியில் காகிதக் கைக்குட்டையைச் செருகினாள். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். பிறகு, முதல் வாயை அவளே ஊட்டினாள்.