ஓரம் அடித்த கடிதம்

ஊசிக்கு ஒன்பது வயது. ஒல்லியாக இருப்பாள், பேச்சில் சட்டென்று குத்தியும் விடுவாள். அதனால் டெய்லர் மாமா வைத்த பெயர் அது. அவள் குடும்பத்துக்கு இரண்டு வருடமாக வீடு இல்லை. ஆனால் முகவரி உண்டு. அது டெய்லர் மாமாவுடைய கடையின் முகவரி.

அவர்கள் தங்குவது ஒரு பொதுக் கூடத்தில். மாலை ஆறுக்குத் திறப்பார்கள், காலை ஏழுக்குப் பூட்டிவிடுவார்கள். மற்ற நேரமெல்லாம் அவர்களுடைய வீடு என்பது நான்கு பைகள்தான். தினமும் கட்ட வேண்டும், தினமும் பிரிக்க வேண்டும். பகலில் அந்தப் பைகள் டெய்லர் மாமாவின் வெட்டும் மேசைக்கு அடியில் கிடக்கும்.

அப்பா கிடங்கில் மூட்டை தூக்குவார். அம்மா பல் மருத்துவரின் கிளினிக்கில் தரை துடைப்பாள். மாலையில் இருவரும் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால், தூக்கி நிறுத்த ஆள் வைக்க வேண்டும் போலிருக்கும்.

பள்ளி விட்டதும் ஊசி கடைக்கு வந்து ஒரே கேள்விதான் கேட்பாள். கடிதம் வந்ததா? வீட்டு வசதி அலுவலகத்தில் அவர்கள் கொடுத்த மனுவின் எண் 41786. பை தொலைந்தாலும் எண் தொலையக் கூடாது என்று அம்மா அதை மனப்பாடம் செய்ய வைத்திருந்தாள். ஊசி ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுவாள். இதில் விழ மாட்டாள்.

அன்றும் கேட்டாள். மாமா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். பள்ளிச் சீருடை தைக்கும் காலம் அது. எழுபது சட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன. மாமா முதுகை நிமிர்த்தி மூன்று நாளாயிற்று.

மேசைக்கு அடியில் ஒரு காகிதம் கிடந்தது. காலர் வெட்டுவதற்கான அளவுக் காகிதம். ஊசி அதை எடுத்து மாமாவிடம் நீட்டப் போனாள். பின்பக்கம் எழுத்துகள் தெரிந்தன. படித்தாள். 41786.

"மாமா, நீங்க எங்க லெட்டரை வெட்டிட்டீங்க."

மாமா மிஷினை நிறுத்தினார். போன வாரம் மழையில் தொப்பலாக நனைந்த ஒரு தபால் வந்ததும், ஊறிப் போகாமல் இருக்கப் பிரித்து இஸ்திரி மேசையில் காயப் போட்டதும் அவருக்கு ஞாபகம் வந்தது. மறுநாள் பார்த்தால் நல்ல விறைப்பான தாள். அவருடைய மூக்குக் கண்ணாடியோ பழுது பார்க்கப் போயிருந்தது. அவர் கைக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: விறைப்பான தாள் என்றால் அளவு வெட்டலாம்.

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தன்னை என்னவெல்லாமோ சொல்லித் திட்டிக்கொண்டார். ஊசிக்கும் அழுகை வந்தது. ஆனால் இரண்டு பேரும் அழுதால் யார் தேடுவது?

"அப்புறமா திட்டிக்கலாம் மாமா. வேற என்னென்ன வெட்டினீங்க?"

காலர், கைப்பட்டி, பாக்கெட். கைப்பட்டி கத்தரிக்கோலுக்கு அடியில் இருந்தது. வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளைக் குப்பைச் சாக்கில் கை விட்டு எடுத்தாள். பாக்கெட் மட்டும் இல்லை. அது துணிக்கட்டோடு இரண்டு தெரு தள்ளியிருக்கும் காஜா அக்காவிடம் போயிருந்தது. பொத்தானுக்குத் துளை தைப்பவர் அவர்.

ஊசி ஓடினாள். காஜா அக்கா லேசில் கொடுப்பவரா? அளவுத் தாள் இல்லாமல் எப்படிப் பொத்தானுக்கு இடம் பார்ப்பது என்று பிடித்துக்கொண்டார். ஊசி ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து, பாக்கெட் தாளை அதன்மேல் வைத்துச் சுற்றி வரைந்து, வெட்டிக் கொடுத்தாள்.

"இந்தாங்க, உங்க அளவு. அது எங்க வீடு."

அக்கா கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் படித்தாள். கடைசி நாள் என்று அன்றைய தேதி போட்டிருந்தது. மாலை ஐந்து மணிக்குள் பெற்றோரில் ஒருவர் கடிதத்தோடு நேரில் வர வேண்டும். வராவிட்டால் வீடு அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். கடை வாசலுக்கு வந்தபோது மணி நான்கு.

மாமா பசை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பசை காய நேரமில்ல மாமா. உங்களுக்குத்தான் தைக்கத் தெரியுமே?"

காலருக்குள் வைக்கும் கேன்வாஸ் துணியில் ஊசி துண்டுகளைச் சேர்த்து வைத்தாள். மாமா தைத்தார். கடைசியில் நான்கு பக்கமும் ஓரம் அடித்தார். ஓரம் அடிக்காமல் எதையும் வெளியே அனுப்ப அவர் கைக்குத் தெரியாது. பிறகு எழுபது சட்டைகளையும் அப்படியே விட்டுவிட்டுக் கடையைப் பூட்டினார்.

கிளினிக்கில் அம்மா துடைப்பத்தில் சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடியிருந்தாள். கடிதத்தைப் பார்த்தாள், தையலைப் பார்த்தாள், மாமாவின் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்கத் தெம்பில்லை.

"பத்திரமா மடி, கசங்கிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

வீட்டு வசதி அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலக அம்மாவின் முகம் பாதி இறக்கிய கடைக் கதவுபோல் இருந்தது. மணி ஐந்துக்குப் பத்து நிமிடம். அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிழிஞ்ச பேப்பர் நிறைய பாத்திருக்கேன். ஓரம் அடிச்ச பேப்பர் இதுதான் முதல் தடவ. யார் இதை வெட்டினது?"

மாமா தொண்டையைச் செருமினார். அவர் வாய் திறப்பதற்குள் ஊசி சொன்னாள்.

"எங்க வீட்டு ஆளுதான், மேடம்."

"வீடே இல்லைன்னுதானே மனு குடுத்திருக்கீங்க?"

"வீடுதான் இல்ல. ஆளுங்க இருக்காங்க."

அலுவலக அம்மா பதிவேட்டைத் திறந்து எண்ணைக் கேட்டார். ஊசி ஒரே மூச்சில் சொன்னாள். இரண்டாகப் போயிருந்த முத்திரை தையலில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பேனாவை அம்மாவிடம் நீட்டினார்.

அடுத்த வாரம் வீடு கிடைத்தது. மூன்றாவது மாடி, இரண்டு அறை, ஒரு ஜன்னல். மாமா இரண்டு பைகளைத் தூக்கி வந்தார். காஜா அக்கா ஒரு பாயும் வாளியும் கொண்டுவந்து, படிக்கட்டைத் திட்டிக்கொண்டே வைத்துவிட்டுப் போனார். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அது தன் வீட்டுச் சுவர் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கண் விழித்த ஊசி, அம்மா பைகளைக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மூன்று பைகள் கட்டியாகிவிட்டன.

"அம்மா, இன்னைக்குக் கட்ட வேண்டாம்."

அம்மா கையிலிருந்த முடிச்சைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு இருவரும் சேர்ந்து பிரித்தார்கள்.

சில நாள் கழித்து, அம்மாவின் விடுமுறை நாளில், கதவைத் தட்டிய தபால்காரர் ஒரு கடிதம் கொடுத்தார். அவர்கள் வீட்டு முகவரிக்கு வந்த முதல் கடிதம். ஊசி பிரித்துப் படித்தாள்.

"ஜன்னல் அளவு எழுதி அனுப்பு. திரை தைக்கணும். பயப்படாதே, மூக்குக் கண்ணாடி வந்துவிட்டது. இப்படிக்கு, உங்கள் வீட்டு ஆள்."

அம்மா கடிதத்தை வாங்கிப் பையில் வைக்கப் போனாள். பிறகு அலமாரியில் வைத்தாள். பட்டப்பகல் பதினோரு மணிக்குப் பாயை விரித்துப் படுத்தாள். யாரும் எழுப்பவில்லை.