ரேடியோவில் வந்தால்தான் நான்

கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்ததும் கதவு பூட்டிக்கொண்டது. ஊர் வானொலி நிலையம் ஒவ்வொன்றிலும் உள்ளூர் ஆள் ஒருவர் பணியில் இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். கரையோர வானொலிகள் அத்தனையையும் விழுங்கி ஏப்பம் விட்ட ஏகவொலி நிறுவனம் அந்தச் சட்டத்தை அச்சுப் பிசகாமல் காப்பாற்றியது. ஆளை உட்கார வைத்தது. எழுந்து போய்விடாமல் பணி முடியும்வரை பூட்டியும் வைத்தது. பேசுவதென்னவோ அவருடைய குரல்நகல்தான். அவரது பல வருடப் பேச்சைத் தின்று வளர்ந்த அந்தப் பொறி, ஒவ்வொரு ரேடியோவிலும் கேட்பவரின் பெயரைச் சொல்லி அவரைப் போலவே நலம் விசாரிக்கும். நிலையத்தை மூடாமல் விட்டால் போதும் என்று கஸ்பாரே தன் குரலைத் தூக்கிக் கொடுத்திருந்தார்.

அன்று காலை, தெற்கே போயிருந்த படகொன்றிலிருந்து கம்பியில்லாக் கருவியில் தகவல் வந்தது. சூறைக்காற்று கிளம்பிவிட்டது, வடக்கே வந்துகொண்டிருக்கிறது. ஏகவொலிக்கோ முழுக் கரைக்கும் ஒரே வானிலைதான். கடல் அமைதி என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. கஸ்பார் ஒலிவாங்கியை இழுத்துக் கத்தினார். திரையில் எழுத்து ஓடியது: 'உங்கள் பதற்றம் பயிற்சிக்காகச் சேமிக்கப்பட்டது. நன்றி.' மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே, தூரத்தில், தங்கை புருஷன் ரெமிஜியுஸ் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். கஸ்பார் போன் போட்டார்.

"மாப்ள, கஸ்பார் பேசுதேன். கடலுக்குப் போவாத. சூறை வருது."

"யாருல நீ?"

"நான்தாம்ல, ஒம் மச்சான்."

"எங்க மச்சான் இப்பம்தான் ரேடியோவுல கடல் அமைதின்னாரு. 'போன்ல என் குரல்ல எவன் பேசுனாலும் நம்பாதீங்க, ரேடியோவுல வந்தாத்தான் நான்'னு தெனமும் சொல்லுதாரே, நீ கேட்டதில்லயா?"

சொன்னதென்னவோ அவர்தான். குரலைத் திருடிப் பேசி ஊரை ஏமாற்றும் கூட்டம் புகுந்தபோது, ஊர்மேல் இருந்த அக்கறையில் சொல்ல ஆரம்பித்தது. நகல் அதையும் விடாமல் பிடித்துக்கொண்டது.

"ஒங் கல்யாணத்தன்னைக்கு மோதிரத்த அல்வாச் சட்டிக்குள்ள தொலைச்சியே. அது வெளிய யாருக்குத் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். அவருதான் ரேடியோவுல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரே."

வீட்டுக் கதை எதைத்தான் கஸ்பார் காற்றில் விடாமல் வைத்திருந்தார்? நாலு பேர் சிரிக்கட்டும் என்று எல்லாவற்றையும் அள்ளி இறைத்தாயிற்று. நான்தான் நான் என்று சொல்லிக்கொள்ள ஒரு ரகசியம்கூட மிச்சமில்லை. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் கண்ணாடியில் அறைந்தார். அது அதிரக்கூட இல்லை.

ரெமிஜியுஸ் திரும்பிப் பார்த்தான். வள்ளங்கள் கிளம்பும்போது சன்னலில் நின்று கையசைத்து வழியனுப்புவது கஸ்பாரின் நெடுநாள் வழக்கம். அவனும் சந்தோஷமாகக் கையை உயர்த்தி ஆட்டினான்.

"அந்தா, எங்க மச்சானே நின்னு கைகாட்டுதாரு. போன வைல, களவாணிப் பயல."

எஞ்சின் உறுமியது. போன் அணைவதற்கு முன், வள்ளத்து ரேடியோவிலிருந்து தன் குரலையே கஸ்பார் கேட்டார்.

"ரெமி மாப்ள, நல்லபடியா போயிட்டு வா. நான் இங்கதான இருக்கேன்."